கோட்டுக்கு இப்பால் இருக்கும் நமக்கு நேசமணி யார்?

நவம்பர் முதல் தேதி வந்தால் தம்பானூரில் கேரளப் பிறவி விழா. அதே நாளில் நாகர்கோவிலில், குமரி மண் தமிழகத்தோடு இணைந்த நாள் என்று மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலை விழுகிறது. 1956ஆம் ஆண்டு ஒரே சட்டம், ஒரே நள்ளிரவில், இரண்டு விழாக்களையும் பெற்றெடுத்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, தம்பானூரிலும் சாலைக் கடைத்தெருவிலும் சுமை தூக்கியும், சித்தாள் வேலை செய்தும், தோவாளைப் பூவை முழம் போட்டு விற்றும், அடுப்படியில் நின்று பரோட்டா தட்டியும் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவுக்குக் கொடி பிடிக்கிறார்கள். ஊரில் இருக்கும் பாட்டன் இன்னொரு விழாவைப் பற்றிப் பேசுகிறார். “இதில் நாம் எந்தப் பக்கம்?” என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா?

அந்தப் பதிலுக்காகவே நேசமணியின் வாழ்க்கையை இங்கே எடுத்துப் பேசுகிறோம். மாலை போடுவதற்கு அவருக்கு ஆட்கள் உண்டு. அவர் எதை வென்றார், எதை வெல்லாமல் போனார், வெல்லாமல் போனது யாருடைய தலையில் விடிந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

பள்ளியாடியிலிருந்து நீதிமன்றம் வரை

1895 ஜூன் 12ஆம் நாள், விளவங்கோடு பகுதியில் பள்ளியாடி என்ற ஊரில் பிறந்தார் அ. நேசமணி. அப்போது அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சமஸ்தானம். நாகர்கோவிலிலும், பிறகு இதே திருவனந்தபுரத்திலும் படித்தார். சட்டம் படித்ததும் இந்த நகரத்தில்தான். 1921இல் நாகர்கோவிலில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

நாகர்கோவில் நீதிமன்றத்தைப் பற்றிக் குமரி நாட்டில் இன்றும் ஒரு சம்பவம் சொல்வார்கள். மேல்சாதி வக்கீல்கள் உட்கார நாற்காலி. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த வக்கீலுக்கு முக்காலி. நேசமணி உள்ளே நுழைந்தார், முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் என்பது அந்தக் கதை. வாய்வழியாக வந்த கதைதான். ஆனாலும் ஒரு ஜனங்கள் ஒரு மனிதனைப் பற்றி எந்தக் கதையைத் தேர்ந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. நேசமணி என்றதும் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எல்லைக் கோடு அல்ல, நாற்காலி.

ஏன் என்று பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் தமிழ் பேசிய குடியானவனுக்கு இரண்டு நுகம். ஒன்று சாதி, மற்றது, சர்க்கார் காகிதம் அவன் அறியாத மொழியில் வந்தது. பத்திரம், வரி ரசீது, நீதிமன்றச் சம்மன், எதையும் இன்னொருவனிடம் காட்டித்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று வேலை ஒப்பந்தத்தில் கைநாட்டுப் போட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்கிற நம் தோழருக்கு இந்த நுகத்தின் பாரத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1936 முதல் 1947 வரை அந்தச் சமஸ்தானத்தின் திவானாக இருந்து, எதிர்த்தவர்களை எல்லாம் அடக்கிய சி. பி. ராமசாமி ஐயர் ஒரு தமிழர்! சென்னையிலிருந்து வந்தவர். தமிழ்த் திவான் இருந்த காலத்தில் தமிழ்க் குடியானவனுக்கு என்ன விடிந்தது? ஆட்சியில் இருப்பவன் நம் மொழி பேசுகிறான் என்பதால் மட்டும் நம் வீட்டு அடுப்பு எரியாது. இந்தப் பாடத்தை எல்லைப் பாடத்துக்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இயக்கம் எழுந்தது

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலானோர் கூடித் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென ஒரு காங்கிரசை அமைத்தார்கள். அடுத்த ஆண்டில் அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அதுவரை மலையாளத் தோழர்களோடு சேர்ந்து ஸ்டேட் காங்கிரசில் இருந்த நேசமணி, 1947இல் இந்த இயக்கத்துக்கு வந்து தலைமை ஏற்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

கோரிக்கை வைத்தவர்கள் கூட்டம் போட்டுக் கலைந்துவிடவில்லை, தேர்தலில் நின்றார்கள். 1948 தேர்தலில் தமிழ்ப் பகுதிகளின் பெரும்பாலான இடங்களை அவர்கள் கைப்பற்றினார்கள். 1952இல் திரு-கொச்சி சட்டசபையில் 8 இடம். நேசமணி நாகர்கோவிலிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். 1954இல் அது 12 இடமாக வளர்ந்தது. மொத்தம் 117 பேர் கொண்ட சபையில் 12 என்ன பெரிய எண் என்று கேட்கலாம். அந்தச் சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. வெறும் 19 பேரைக் கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சிதான் காங்கிரஸ் தயவில் மந்திரிசபை அமைத்தது. அப்படிப்பட்ட சபையில் ஒன்றாக நிற்கிற 12 பேர் மந்திரிசபையைத் தூக்கவும் முடியும், இறக்கவும் முடியும். 1955 பிப்ரவரியில் பட்டம் தாணுபிள்ளையின் மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தபோது அதை நாடே பார்த்தது.

ஆனால் அதற்கு முன் ரத்தம் சிந்தியாகிவிட்டது. 1954 ஜூலையில் நேசமணியும் அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோரும் தடையுத்தரவை மீறி மூணாற்றுக்குச் சென்று கைதானார்கள். தோட்டத் தொழிலாளர் மீது நடந்த அடக்குமுறையைக் கேட்கப் போனதற்குக் கிடைத்த பரிசு அது. ஆகஸ்டு 11ஆம் நாளை விடுதலை நாளாக இயக்கம் அறிவித்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. உயிர்கள் பலியாயின. வடக்கே சிறையில் இருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா, அதே சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர், தன் கட்சி மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டார். கட்சி கேட்கவில்லை, அந்தப் பிளவு கடைசியில் கட்சியையே இரண்டாக்கியது. மலையாளியும் அல்லாத தமிழனும் அல்லாத ஒருவர், துப்பாக்கிக்கு மொழி கிடையாது என்று கண்டு சொன்னதை நாம் மறக்கக் கூடாது.

ஒன்பது கேட்டார், கிடைத்தது எத்தனை?

பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் 30இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு என்றது. செங்கோட்டையிலும் பின்னால் ஒரு பகுதி கேரளத்தோடு நின்றது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் நான்கும் இந்தப் பக்கமே. 1956 நவம்பர் 1இல் கோடு விழுந்தது. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

தேவிகுளம் ஏன் போகவில்லை? அங்கே தமிழர் பெரும்பான்மை என்பதைக் கமிஷனும் அறியும். ஆனால் அந்தப் பெரும்பான்மை தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் வந்ததால் ஏற்பட்டது, அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அந்த மலைகள் இந்த மாநிலத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்பதே வாதத்தின் சாரம். தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிகள் திரட்டி வந்த ஏழைகள், போடி வழியாக மலை ஏறி, காட்டை வெட்டி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, தேயிலை நட்டார்கள். அந்த மண்ணை விலை மதிப்புள்ளதாக ஆக்கியது அவர்கள் உழைப்பு. எல்லை வகுக்கும் நாள் வந்தபோது, மண்ணின் மதிப்பு கணக்கில் ஏறியது. மதிப்பை உண்டாக்கிய மனிதன் “வந்தவன்” என்று கணக்கிலிருந்து கழிக்கப்பட்டான்!

சென்னை முதல் மந்திரியாக இருந்த காமராசர் “குளமாவது மேடாவது” என்று சொல்லி விட்டுவிட்டார் என்று தமிழக மேடைகளில் இன்றும் குற்றம் சாட்டுவார்கள். இந்தியாவுக்குள்தானே இருக்கிறது என்று அவரை ஆதரிப்பவர்கள் பதில் சொல்வார்கள். இந்த வழக்கை அறுபது எழுபது ஆண்டாக இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பக்கமும் கூப்பிட்டுச் சாட்சி கேட்காத ஒரே ஆள் தேயிலை பறித்த பெண்.

நேசமணி குமரியை வென்றார். மலையை வெல்லவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்வது எளிது. மூணாற்றில் போய்க் கைதானவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் நம் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம். இயக்கத்தின் வேர் குமரியின் கிராமங்களில், குறிப்பாக ஒரு சமூகத்தில், ஆழமாக ஓடியது. மலையில் அந்த வேர் ஓடவில்லை. அங்கே தொழிலாளியை அணிதிரட்டியவை தொழிற்சங்கங்கள். அவற்றின் கொடிகள் வேறு, தலைமைகள் வேறு, கவலைகள் வேறு. மொழி இயக்கமும் கூலி இயக்கமும் ஒரே மனிதனின் இரண்டு கைகள் போல் சேராத இடத்தில், “வந்தவன்” என்ற ஒரு சொல் அவனை வீழ்த்திவிட்டது.

எண்ணப்பட்ட நாள்

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1957இல் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை வந்தது. அதன் பெரும்பான்மை ஓரிரண்டு தலைகள்தான். தேவிகுளம் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958இல் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் நின்றார். ஒரு மாநில மந்திரிசபையின் கழுத்து தேயிலைத் தொழிலாளியின் கையில் இருந்தது. எல்லாக் கட்சிகளும் மலை ஏறின. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு வந்து தோட்டம் தோட்டமாகத் தமிழில் பாடினார். ரோசம்மா வென்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் எண்ணிக்கையில் சேராதவர்கள், ஓட்டுப் பெட்டி வந்ததும் அவர்கள் மொழியிலேயே பாட்டுக் கேட்கும்படி ஆனார்கள். அதே தேவிகுளத்தின் சட்டமன்ற உறுப்பினர் 2021இல் கேரள சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். 2015இல் மூணாற்றுத் தேயிலைப் பெண்கள் சங்கத் தலைமைகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே ‘பெம்பிளை ஒருமை’ என்று ரோட்டில் உட்கார்ந்து போனசுக்குப் போராடினார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். அவர்கள் பெயர்களைப் படித்துப் பாருங்கள், நம் பெயர்கள். நூறு வருஷம் உழைத்தும் லயத்துக்கு வெளியே ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாத குடும்பங்கள் அவை. ஓட்டு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. வென்றதையும் வெல்லாததையும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வென்ற பிறகு என்ன செய்தார்?

உலகத்தில் பல தலைவர்கள் வெற்றிக்குப் பிறகுதான் கெட்டுப்போனார்கள். நேசமணி தன் இயக்கத்தையே கலைத்துக் காங்கிரசோடு இணைத்தார். கேட்டதில் முக்கியமானது கிடைத்துவிட்டது, இனிக் கட்சி எதற்கு என்று முடிவு செய்யத் துணிவு வேண்டும். 1957இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டசபைக்கும், 1962இலும் 1967இலும் நாகர்கோவிலிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். 1967 தேர்தல் எப்படிப்பட்டது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தி.மு.க. அலையில் காமராசரே விருதுநகரில் தோற்றார். அந்தத் தேர்தலில் தமிழகத்தின் 39 பாராளுமன்றத் தொகுதிகளில் காங்கிரஸ் வென்றது 3. அதில் ஒன்று நேசமணியின் நாகர்கோவில். 1968 ஜூன் 1இல் அவர் மறைந்தார். காலியான அதே தொகுதியில் 1969 ஜனவரியில் நின்று வென்று காமராசர் பாராளுமன்றம் போனார். ‘குளமாவது மேடாவது’ என்று யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவருக்கு, எல்லைப் போராட்டத்தின் மண்ணே மறுவாழ்வு கொடுத்தது. குமரி மக்கள் பழங்கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பின்னாளில் நாகர்கோவில் அரசு பஸ் கழகத்துக்கு நேசமணி பெயர் இட்டார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்களில் ஏறித்தான் நம்மில் பலர் தம்பானூருக்கு முதன்முதலில் வந்து இறங்கினோம். 1997இல் தலைவர்கள் பெயர்களை எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்தபோது அந்தப் பெயரும் போயிற்று. பிழைப்புக்காக எல்லை தாண்டியவர்களை, எல்லைக்காகப் போராடியவரின் பெயர் சுமந்து வந்ததில் ஒரு நியாயம் இருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. வென்ற மண்ணில் எல்லாருக்கும் வேலை இல்லை. கோடு போட்டவுடன் வயிறு நிறைந்துவிடாது.

வெளிநாட்டைப் பார்த்தால்

“வந்தவன்” என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் சாட்சி. மேற்கு ஆப்பிரிக்காவில் விடுதலைக்குப் பிறகு, ஆப்பிரிக்கர் எல்லாரும் ஒன்று என்று முழங்கிய கானா நாடு, 1969இல் பூசியா ஆட்சியில், காகிதம் இல்லாத அயலாரை வெளியேறச் சொன்னது. பெரும்பாலும் நைஜீரியாவிலிருந்து வந்து கடை வைத்தவர்களும் கூலி வேலை செய்தவர்களும் மூட்டை கட்டினார்கள். 1983இல் நைஜீரியா திருப்பிச் செய்தது; எண்ணெய் விலை விழுந்ததும் ஷெஹு ஷகாரி ஆட்சி பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை, பெரும்பாலும் கானாக்காரர்களை, விரட்டியது. அவர்கள் சாமான் கட்டிய கட்டம் போட்ட மலிவுப் பைக்கு ‘கானாக்காரனே போ’ என்று பொருள்படும் பெயர் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தம்பானூர் பிளாட்பாரத்தில் நம் கையில் இருப்பதும் அதே மாதிரிப் பைதான்.

அவ்வளவு தூரம் எதற்கு? இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஆடுமாடு பங்கு பிரிப்பதற்குக்கூட அதன் முகத்தைப் பார்ப்பார்கள்! அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இதே கேரளத்தில், புனலூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களும் நம் வாசகர்களே.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, கோட்டை நகர்த்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நம்மோடு ஒரே சாரத்தில் நிற்கிற மலையாளத் தொழிலாளி நமக்குப் பகைவன் அல்ல. அவன் மகனும் வளைகுடாவில் “வந்தவன்” என்ற பெயரைச் சுமக்கிறான். நாம் கேட்பது ஒன்றுதான். எங்கே உழைக்கிறோமோ அங்கே எண்ணப்பட வேண்டும்.

எண்ணப்படுவதற்கு நேசமணி காட்டிய வழி அரசியல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கோடு விழுந்த அதே 1956இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது ஒன்று. மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்கிறது மற்றது. அதற்கு முன்பே உள்ள 350ஆம் பிரிவு, மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் சர்க்காருக்குத் தங்கள் மொழியில் எழுத வழி வைத்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதுவரை ஒரு மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம்? பயன்படுத்தாத உரிமை பூட்டிய பெட்டியில் கிடக்கிற நகை. பஞ்ச காலத்தில் அது சோறு போடாது. பிள்ளைகள் மலையாளமும் நன்றாகப் படிக்கட்டும். அது வேலைக்கும் அண்டை வீட்டு உறவுக்கும் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டும் அளவுக்காவது தமிழ் அவர்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாக்காளர் பட்டியல். 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இங்கே படிவத்தோடு ஆள் வரும்போது நாம் ஊரில் அறுவடைக்குப் போயிருப்போம். ஊரில் ஆள் வரும்போது இங்கே கான்கிரீட் போட்டுக்கொண்டிருப்போம். இரண்டு பட்டியலிலும் பெயர் இருப்பது குற்றம். இரண்டிலும் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து. எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறோமோ அங்கே ஓட்டு என்பது சட்டம். ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து பேசி, எந்த ஊரில் நம் ஓட்டு என்று முடிவு செய்து, அங்கே பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்துக் குடித்தனங்களுக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் பெயர் விடுபடுவதுதான் அதிகம். முதலில் அதைப் பாருங்கள்.

12 பேர் 117 பேர் சபையை அசைத்ததும், ஒரு மலைத்தொகுதி ஒரு மந்திரிசபையைத் தாங்கி நிறுத்தியதும் சரித்திரம். இரண்டையும் செய்தது பட்டியலில் இருந்த பெயர்கள். பட்டியலில் பெயரில்லாதவனுக்கு எந்த மந்திரியும் பாட்டுப் பாட மாட்டான்.

பிள்ளை கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இரண்டு விழாவும் நம்முடையது. ஒன்று நாம் பிறந்த மண்ணுக்கு. மற்றது நம் வேர்வை விழுகிற மண்ணுக்கு. இரண்டு இடத்திலும் முக்காலி போட்டால், தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தை விட்டுவிட்டுப் போன மனிதர் என்பதால்தான் கோட்டுக்கு இப்பால் இருக்கும் நமக்கும் நேசமணி தலைவர்.